சுப்பிரமணிய சிவா

சுப்பிரமணிய சிவா (அக்டோபர் 4, 1884 - ஜூலை 23, 1925) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், மேடைப் பேச்சாளர், இதழாசிரியர், நூலாசிரியர். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறை சென்று, தொழுநோயுடன் வெளியே வந்தவர். இறுதிக் காலத்தில் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் வாழ்ந்து அங்கேயே மறைந்தார்.

பிறப்பும் இளமையும்

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள வத்தலக்குண்டில் இராஜம் ஐயர், நாகலட்சுமி அம்மாள் ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். கமலாம்பாள் சரித்திரம் என்ற புதினத்தை எழுதிய பி. ஆர். ராஜம் ஐயரும் இவ்வூரினரே என்பதால் அவரே சிவாவின் தந்தை எனச் சிலர் மயங்குவதுண்டு. அப்புதின ஆசிரியர் 1872இல் பிறந்தவர், இருவரும் வேறானவர்கள்.

சுப்பிரமணியம் என்ற பெயருடன் சிவம் என்பதை இணைத்தவர் சதானந்த சுவாமிகள் என்னும் துறவி. அதுவே பின்னர் சிவா என வழங்கலாயிற்று. 1899இல் மீனாட்சி அம்மாளை மணந்தார். சிவகாசியில் காவல்துறை அலுவலகத்தில் கிடைத்த எழுத்தர் வேலையில் அவர் நிலைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பை நிறுவி இளைஞர்களிடையே நாட்டுப்பற்றைப் பரப்பினார். இதனால் திருவிதாங்கூர் அரசு அவரைச் சமஸ்தானத்தை விட்டு வெளியேற்றியது. அங்கிருந்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடியும் திருநெல்வேலியும்

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நடத்தி வந்தார். அவர் சிவாவைத் தம் இல்லத்தில் தங்கவைத்து ஆதரித்தார். 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் கடற்கரைக் கூட்டங்களில் தொடர்ந்து பேசினர். படிப்பறிவில்லாத தொழிலாளியும் புரிந்துகொள்ளும் வகையில் சிவாவின் பேச்சு அமைந்திருந்தது. அரசு அவரை அஞ்சியதற்கு இதுவே காரணம் எனலாம்.

அவ்வாண்டு பிப்ரவரி 27ஆம் நாள், ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் அவர்களின் கோரிக்கைகள். வ. உ. சி.யும் சிவாவும் தலைமை ஏற்றனர். ஊர் மக்களும் தொழிலாளர்களுக்குத் துணை நின்றனர். மார்ச் தொடக்கத்தில் நிருவாகம் இறங்கி வந்தது.

வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான மார்ச் 9ஆம் நாளைக் கொண்டாடக் கூடாதென அதிகாரிகள் தடுத்தனர். தடையை மீறிக் கூட்டம் நடந்தது. மார்ச் 12ஆம் நாள் வ. உ. சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் மண்ணெண்ணெய்க் கிடங்கும் தீக்கிரையாயின. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கு

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு, அரசின் மீது வெறுப்பை உண்டாக்கும் சொல்லையே குற்றமாக்கியது. ஆயுதம் எடுத்ததாகவோ எவரையும் தாக்கியதாகவோ சிவாவின் மீது குற்றச்சாட்டு இல்லை. அவர் மேடையில் பேசிய பேச்சே குற்றம். அவருக்கு உறைவிடமும் உணவும் தந்து ஊக்கியது வ. உ. சி.யின் குற்றங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. விருந்தோம்பலும் இராசத் துரோகமாகக் கருதப்பட்ட காலம் அது.

நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7ஆம் நாள் தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டுகள் நாடுகடத்தலும், வ. உ. சி.க்கு இரு குற்றங்களுக்கும் சேர்த்து நாற்பதாண்டுகளும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரின் தண்டனையையும் ஆறாண்டுகளாகக் குறைத்தது. அதே ஜூலையில் பம்பாயில் பாலகங்காதர திலகரும் இதே பிரிவின்கீழ் ஆறாண்டு தண்டனை பெற்று மாண்டலேக்கு அனுப்பப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

சிறையும் நோயும்

சிவா திருச்சி, சேலம் சிறைகளில் கடுங்காவல் அனுபவித்தார். 1912 நவம்பர் 2ஆம் நாள் விடுதலையானபோது அவர் உடலில் தொழுநோய் வெளிப்பட்டிருந்தது. வ. உ. சி. செக்கிழுத்ததைத் தமிழகம் இன்றும் நினைவுகூர்கிறது. சிவாவின் சிறைவாழ்வு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. செக்கு சிறையோடு நின்றுவிட்டது. சிவாவின் நோயோ பதின்மூன்று ஆண்டுகள், சாகும்வரை உடன் வந்தது. அக்காலத்தில் அந்நோய்க்குப் பயனுள்ள மருந்தும் இல்லை.

நோயைக் காரணம் காட்டி அவர் தொடர்வண்டியில் பயணம் செய்வதை அரசு தடுத்தது. பேசுவதற்காக ஊர்தோறும் சென்றவருக்கு இது இரண்டாவது தண்டனை போன்றது. இதற்கு அவர் ஒடுங்கிவிடவில்லை. புண்களைத் துணியால் மூடிக்கொண்டு கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர்களுக்குச் சென்று பேசினார்.

இதழ்ப் பணி

1913இல் சென்னையில் ஞானபாநு என்ற மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியாரும், விடுதலையாகி வறுமையில் இருந்த வ. உ. சி.யும் இதில் எழுதினர். பிரபஞ்சமித்திரன், இந்திய தேசாந்திரி ஆகியவை அவர் நடத்திய பிற இதழ்கள். இராமாநுஜ விஜயம், நளினசுந்தரி உள்ளிட்ட நூல்களையும் எழுதினார். 1915இல் மனைவி மீனாட்சி அம்மாள் காலமானார்.

ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் 1921 நவம்பரில் மீண்டும் சிறைப்பட்டார். நோய் முற்றியிருந்த நிலையில் 1922 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார். துறவு பூண்டு சுதந்திரானந்தர் என்ற பெயரையும் ஏற்றிருந்தார்.

பாப்பாரப்பட்டி

அன்றைய சேலம் மாவட்டத்தில் அடங்கிய பாப்பாரப்பட்டியில் (தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்) நண்பர்களின் உதவியுடன் நிலம் வாங்கி, பாரதபுரம் எனப் பெயரிட்டுக் குடியேறினார். சாதி, சமய வேறுபாடின்றி அனைவரும் வழிபடத்தக்க பாரத மாதா கோயில் ஒன்றை அங்கு எழுப்புவது அவருடைய திட்டம். 1923 ஜூன் 23ஆம் நாள் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயிலுக்கு நிதி திரட்ட மீண்டும் ஊர் ஊராகச் சென்றார், நாடகங்களும் நடத்தினார். போதிய பணம் சேரவில்லை.

1925 ஜூலை 22ஆம் நாள் பயணத்திலிருந்து பாப்பாரப்பட்டிக்குத் திரும்பியவர், மறுநாள் அதிகாலையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தோராம் வயது நிறைவடையவில்லை.

நினைவுகள்

பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது. அடிக்கல்லோடு நின்றுபோன பாரத மாதா ஆலயத்தைத் தமிழ்நாடு அரசு நினைவாலயமாகக் கட்டி 2021இல் திறந்தது. 1961இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படத்தில் டி. கே. சண்முகம் சிவாவாக நடித்தார். தீர்த்தமலை, அரூர் வட்டாரக் கரும்பு விவசாயிகள் நன்கறிந்த கோபாலபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் சுப்பிரமணிய சிவாவின் பெயரைத் தாங்கியுள்ளது. இவ்வாலைக்கு அருகிலுள்ள பாப்பிரெட்டிப்பட்டி வேறு ஊர். சிவா வாழ்ந்து மறைந்த பாப்பாரப்பட்டி, அதே மாவட்டத்தில் பென்னாகரம் பகுதியில் உள்ளது.