ஜான் பென்னிகுவிக்: அணையை எல்லாருக்கும் தெரியும்... மலைக்குள்ள இருக்கிற சுரங்கம் தெரியுமா?

ஜனவரி 15. தமிழ்நாடே பொங்கல் கொண்டாடும் நேரம். தேனி மாவட்டத்தில் அன்று இன்னொரு விசேஷமும் உண்டு, ஒரு ஆங்கிலேய இன்ஜினீயரின் பிறந்தநாள். பாலார்பட்டியில் அவர் படத்துக்கு மாலை போட்டு, அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். தேனி பஸ் ஸ்டாண்டுக்கும் அவர் பெயர்தான். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமே இருக்கிறது.

கர்னல் ஜான் பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த அணைத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு எப்படி வருதுன்னு கேட்டா, பலரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

யார் இவர்?

1841-ல் புனேயில் பிறந்தார். எட்டாவது வயதில் பெரிய இழப்பு: 1849 சில்லியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்தார்கள். இங்கிலாந்தில் படித்து, ராணுவப் பொறியாளராகி, 1860-ல் இந்தியா திரும்பினார். பிறகு மெட்ராஸ் மாகாணத்தின் பொதுப்பணித் துறையில் வேலை.

பிரச்சினை என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் கொட்டும் மழை பெரியாறாக ஓடி அரபிக்கடலில் கலந்தது. இந்தப் பக்கம் வைகைப் படுகை காய்ந்து கிடந்தது. 1876-78 பெரும் பஞ்சத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். மேற்கே போகும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை ராமநாதபுரம் சமஸ்தான காலத்திலிருந்தே இருந்தது. நடக்காத காரியம் என்று பலமுறை கைவிட்டார்கள். 1882-ல் அந்தத் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது.

1886-ல் திருவிதாங்கூருடன் 999 வருடக் குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை ஆரம்பம். ரோடு இல்லாத அடர்ந்த காடு, யானை, மலேரியா. மழைக்காலம் வந்தால், ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். திரும்ப முதலிலிருந்து கட்டணும். காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

தன் சொத்தை விற்றுத்தான் அவர் அணையை முடித்தார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அதற்கு ஆவண ஆதாரம் இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது மெட்ராஸ் அரசின் திட்டம். ஆனா அந்தக் கதை இல்லாமலேயே அவர் செய்தது பெரிய வேலைதான்.

சுரங்கம் ஏன் முக்கியம்?

அணை தண்ணீரைத் தேக்கும், அவ்வளவுதான். நடுவில் மலை நிற்கிறதே? அதனால் தேக்கடி பக்கத்திலிருந்து மலையைக் குடைந்தார்கள். நீளம் 5,704 அடி, அதாவது சுமார் 1.7 கிலோமீட்டர். அகலம் 12 அடி, உயரம் ஏழரை அடி. 75 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் சரிவு. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. தண்ணீர் தானாகவே இறங்கி வரும்.

இப்போ சென்னை மெட்ரோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நகரத்தில் மண்ணும் சிதைந்த பாறையும் மாறி மாறி வரும். தோண்டிய வழி சரியாமல் இருக்க, வளைவான கான்கிரீட் துண்டுகளைச் சேர்த்து வளையம் வளையமாக உள்ளே பொருத்துகிறார்கள். துண்டுகள் சேரும் இடங்களில் வளையம் கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும். அதனால், ஒரே வார்ப்பான வளையத்தின் விறைப்பு இதற்கு இருக்காது. எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு முழு வளையத்தைச் சுற்றி ஜாக்கிகள் வைத்து அழுத்தி, எத்தனை மில்லிமீட்டர் நெளிகிறது என்று அளப்பார்கள்.

விறைப்பு அதிகமா இருந்தா நல்லதுதானே என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. ரொம்ப விறைப்பான வளையம் மொத்த பாரத்தையும் தானே வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் நெளிந்து கொடுத்தால், சுற்றியுள்ள மண்ணும் பாரத்தில் பங்கெடுக்கும். கெட்டியான மலைப்பாறையில் இந்தப் பங்கு இன்னும் பெரியது. குடைந்த வழியைச் சுற்றியுள்ள பாறையே வளைவு மாதிரி நின்று பாரத்தைத் தாங்கும். ஜாக்கியும் சென்சாரும் இல்லாத காலத்தில், இப்படிப்பட்ட பாறையை நம்பித்தான் மலைக்குள் வழி குடைந்தார்கள்.

அப்புறம்?

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைந்தது. மதுரை வரை வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பென்னிகுவிக் 1896-ல் இங்கிலாந்து திரும்பி, பொறியியல் கல்லூரி ஒன்றுக்குத் தலைவரானார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் இறந்தார்.

அணையின் பலம் பற்றிய சண்டை பின்னாளில் வந்தது. 1979-க்குப் பிறகு நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்து, கான்கிரீட்டும் கம்பி நங்கூரங்களும் கொடுத்து அணையை வலுப்படுத்தினார்கள். நிபுணர் குழு ஆய்வுக்குப் பிறகு, 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. கேரளத்தின் பயமும் தமிழ்நாட்டின் தேவையும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

அடுத்த முறை நியூஸில் முல்லைப் பெரியாறு நீர்மட்டம் 120 அடின்னு பார்த்தா, ஒரு சின்ன கணக்கு போடுங்க. சுரங்கத்தின் வாய் 104 அடியில் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள தண்ணீர் இந்தப் பக்கம் வராது. ஆக, கம்பத்து விவசாயிக்குக் கையில் இருப்பது 120 அடி இல்லை, வெறும் 16 அடி.