சத்திரவைத்தியர் கிரகாம்

புலவர் சரித்திரமும் புரவலர் சரித்திரமும் படித்துப் பழகிய நமக்கு வைத்தியர் சரித்திரம் சுவையற்றது என்ற எண்ணம் உண்டு. அவ்வெண்ணத்தை மாற்றவல்லது எவாட்ஸ் அம்புறோஸ் கிரகாம் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியரின் வாழ்க்கை. இலக்கணஞ் சொல்லிப் பிழைக்கும் யான் அதனை எழுதப் புகுந்தது, ஒரு நல்ல நாடகத்துக்கு வேண்டிய முரண் முழுவதும் அதில் அமைந்து கிடத்தலினாலேயாம்.

கிரகாம் 1883ஆம் ஆண்டு சிக்காகோ நகரிற் பிறந்தார். தந்தையாரும் சத்திரவைத்தியரே. 1907இல் வைத்தியப் பட்டம் பெற்றார். நெஞ்சறையின் இயல்பை அவருக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் முதலாம் உலக யுத்தம். படைமுகாம்களில் நெஞ்சினுட் சீழ்கட்டி இளைஞர் பலர் மாண்டனர். சீழைக் கண்டதும் நெஞ்சைத் திறப்பதே அன்றைய வழக்கு. திறந்த வழியாற் காற்றுப் புக, சுவாசப்பை சுருங்கும். நோயினுங் கொடிதாயிற்று சிகிச்சை. ஊசியாற் சீழை வாங்கி, அது தடிக்கும்வரை பொறுத்துப் பின்னரே திறத்தல் வேண்டும் என்று கிரகாமும் அவர் குழுவினரும் காட்டினர். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு 5 அளவிற்கு இறங்கியது. கத்தியை எடுக்கத் தெரிந்தவர் பலர். எடாதிருக்கவும் தெரிந்தவர் இவர்.

1919இல் சென்ற் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். பித்தப்பையை எக்ஸ் கதிரிற் காணும் வழியை 1924இற் கண்டார். இவை நிற்க.

1933ஆம் ஆண்டு. சுவாசப்பையிற் புற்றுநோய் என்றால் மரணம் என்பதே அக்காலத்துப் பொருள். பிற்ஸ்பேர்க் நகரத்து மகப்பேற்று வைத்தியர் ஒருவர், வயது 48, அந்நோயோடு கிரகாமிடம் வந்தார். சிகிச்சைக்கு முன் ஊருக்குப் போய்வர விடைபெற்றவர், அங்கே பல்லைச் சீர்செய்துகொண்டார்; மயானத்தில் ஒரு துண்டு நிலமும் வாங்கிக்கொண்டார் என்பர். நம்பிக்கையும் அவநம்பிக்கையும் ஒரு நெஞ்சில் இவ்வாறு ஒருங்கிருத்தலை நம் கவிஞர் எவரும் இதனினும் அழகாகச் சொல்ல மாட்டார்.

ஏப்ரல் 5ஆந் திகதி நெஞ்சு திறக்கப்பட்டது. ஒரு சோணையை மாத்திரம் அகற்றுவதே கிரகாமின் எண்ணம். கட்டி இருந்த இடமோ அதற்கு இடங்கொடாதது. இடச் சுவாசப்பை முழுவதும் போதல் வேண்டும். புற்றுநோய்க்காக ஒரே அமர்வில் அவ்வாறு அகற்றப்பட்டவர் எவரும் அதுவரை பிழைத்ததில்லை. குருதிக் குழாய்களை இறுக்கிச் சிறிது நேரம் பார்த்தார். நாடி தளரவில்லை. அகற்றினார். வெற்றிடம் சுருங்குமாறு விலா எலும்புகள் பலவற்றையும் நீக்கினார். நோயாளி பிழைத்தார், மீண்டுந் தம் தொழிலுக்கே சென்றார்.

அன்று தொடங்கிய வழி பின்னர் வேறொரு திசையில் வளர்ந்தது. வெட்டு வரவரச் சிறிதாயிற்று. தொடக்க நிலைப் புற்றுக்கு முழுச் சுவாசப்பையையும் எடாது சோணையை எடுத்தலே போதும் என்றாயிற்று. சோணையினுங் குறைத்து வெட்டலாமோ என்று ஆராய்ந்தோர், ஆகாது, மீண்டும் அவ்விடத்தே கட்டி தோன்றும் என 1995இற் சொல்லினர். ஆயினும், ஓரத்தே தோன்றி 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டிக்குச் சோணையின் ஒரு கூற்றை அகற்றினும் பயன் குறையாதென யப்பானியர் 2022இற் காட்டினர். கத்தியைத் தாங்கும் வலியில்லாதார்க்குக் கட்டியைக் குறிவைத்துச் சில நாளில் முடிக்குங் கதிர்ச்சிகிச்சை உண்டு. இவை அனைத்தும் கட்டி சிறிதாயிருக்கும்போதே காண்பார்க்கு.

நோய், அதன் காரணம், தீர்க்கும் வழி என்று வரிசை செய்தார் வள்ளுவர். கிரகாம் வாழ்வில் அவ்வரிசை மாறிற்று. வழியை முதலிற் கண்டவர் காரணத்தைப் பின்னரே கண்டார். அதையும் விரும்பிக் கண்டவரல்லர். அவர் நெடுங்காலம் சிகரட் புகைத்தவர். புகையையும் இந்நோயையும் இணைத்துப் பேசியோரை நகையாடியவர். ஏர்ன்ஸ்ற் வைண்டர் என்னும் மாணவர் அதனை ஆராய விரும்பியபோது, ஐயத்தோடுதான் இடமளித்தார். இருவர் பெயராலும் 1950இல் முடிபு வெளிவந்தது. நோயுற்ற ஆடவருள் நூற்றுக்கு 96.5 பேர் பல்லாண்டு மிகுதியாகப் புகைத்தவர். மற்றை நோயாளரிடையே அத்தொகை 73.7. 1953இற் புகையிலைத் தாரைச் சுண்டெலிகளின் முதுகிற் பூசி, புற்று உண்டாதலையுங் காட்டினர். தம் பழக்கத்துக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லிய ஆசிரியர் அரியர். கிரகாமைப் பெரியவரெனக் கொள்வதற்கு எனக்கு அந்தச் சத்திரசிகிச்சையினும் இதுவே போதும். புகைத்தலையும் விட்டார்.

விட்டது பிந்திவிட்டது. 1957இன் தொடக்கத்தில் நோய் வெளிப்பட்டபோது இரு சுவாசப்பைகளிலும் பரவியிருந்தது. அவர் கண்ட வழி ஒன்றை அகற்றி மற்றொன்றால் வாழ்விப்பது. இங்கே அகற்றுவதற்கு எதுவும் இல்லை. மருந்து கொடுத்துப் பார்த்தனர். மார்ச் 4ஆந் திகதி, 73ஆம் வயதில், மறைந்தார்.

பிற்ஸ்பேர்க் வைத்தியர் அப்பொழுதும் ஒற்றைச் சுவாசப்பையோடு நடமாடிக்கொண்டிருந்தார். அவர் 1963 வரை வாழ்ந்தார்.