நீல் ரத்தன் தர்

நீல் ரத்தன் தர் (ஜனவரி 2, 1892 – டிசம்பர் 5, 1986) ஓர் இந்திய வேதியியலாளர் ஆவார். அலகாபாத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். கதிரவன் ஒளி படும்போது மண்ணே காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் என்ற கருத்தை முன்வைத்தவர். நைட்ரஜனை ஒளிவினையூக்கத்தால் அம்மோனியாவாக்குவது குறித்த இக்கால ஆய்வுரைகள் பலவற்றில், இத்துறையின் தொடக்கமாக இவரது 1941 ஆம் ஆண்டுக் கட்டுரை சுட்டப்படுகிறது.

வாழ்க்கை

இவர் இன்றைய வங்காளதேசத்திலுள்ள ஜெஸ்ஸோரில் பிறந்தார். கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராயின் மாணவராக இருந்தார். 1917 இல் இலண்டனிலும் 1919 இல் பாரிசிலும் முனைவர் பட்டங்கள் பெற்று, 1919 இலேயே அலகாபாத் மியூர் மத்தியக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். 1924 இல் இந்திய வேதியியல் கழகம் உருவாக முனைந்தவர்களுள் ஒருவர். ஒளியின் வேதிவினை பற்றிய இவரது ஆங்கில நூல் 1931 இல் வெளிவந்தது. 1961 இல் ரூர்க்கியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

மண்ணும் ஒளியும்

நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைப்பது எளிதன்று. ஏபர்-போசு முறையில் இதற்கு 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் நூறு வளிமண்டலத்தைக் கடந்த அழுத்தமும் வேண்டும். வயலில் இவ்வேலையைச் செய்வன அசட்டோபாக்டர் போன்ற நுண்ணுயிரிகள் என்பதே அன்றைய மண்ணியலாரின் முடிவு. தர் வேறு விதமாகக் கண்டார். மாவுப்பொருளோ சர்க்கரையோ கலந்த மண்ணை வெயிலிலும் இருளிலும் வைத்து ஒப்பிட்டார். இருளில் நுண்ணுயிரிகள் மிகுந்திருந்தும், வெயிலில் வைத்த மண்ணிலேயே நைட்ரஜன் கூடுதலாகச் சேர்ந்தது. நுண்ணுயிர் நீக்கிய மண்ணிலும் இவ்விளைவைக் கண்டதாக அறிவித்தார். டைட்டேனியம் டை ஆக்சைடு போன்ற கனிம ஆக்சைடுகள் ஒளிவினையூக்கிகளாகச் செயல்படுகின்றன என்பது அவர் தந்த விளக்கம்.

இக்கருத்தைப் பலர் ஏற்கவில்லை. மண்ணை முற்றிலும் நுண்ணுயிரற்றதாக வைத்திருப்பது கடினம் என்பது வலுவான எதிர்வாதமே. 1972 இல் புஜிசிமாவும் ஓண்டாவும் டைட்டேனியம் டை ஆக்சைடு மின்முனை கொண்டு ஒளியால் நீரைப் பிளந்தனர். 1977 இல் சிராவ்சரும் கூத்தும் இரும்பு கலந்த டைட்டேனியம் டை ஆக்சைடு நைட்ரஜனை அம்மோனியாவாக்குவதைக் காட்டினர். அதன் பின்னரே தரின் பழைய கட்டுரைகள் மீண்டும் தேடிப் படிக்கப்பட்டன. ஆயினும் வழக்கு தீர்ந்துவிடவில்லை. இவ்வினையில் கிடைக்கும் அம்மோனியா மிகக் குறைவு. காற்றிலிருந்தும் கருவிகளிலிருந்தும் கலக்கும் அம்மோனியாவே அளவீட்டைப் பிழையாக்கப் போதுமானது. எனவே நைட்ரஜன்-15 ஓரிடத்தான் கொண்டு சரிபார்க்காத முடிவுகளை இன்று எளிதில் ஏற்பதில்லை. தரின் காலத்தில் அச்சோதனை பரவலாக இருக்கவில்லை என்பதையும் கருத வேண்டும்.

களர் நிலமும் கழிவுப்பாகும்

விவாதத்திற்கு அப்பால் நின்று பயன் தந்தது களர்நிலச் சீர்திருத்தம். வட இந்தியக் களர் நிலங்களுக்குச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை இடுமாறு தர் பரிந்துரைத்தார். கள்ளக்குறிச்சியை அடுத்த கச்சிராயபாளையத்தில் உள்ளது போன்ற ஆலைகளில், கரும்புச்சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சும் கரிய பாகு இதுவே. மண்ணில் அது சிதையும்போது உண்டாகும் அமிலங்கள் காரத்தன்மையைக் குறைக்கின்றன. இக்காலத்தில் இப்பாகு பெரும்பாலும் எரிசாராய ஆலைகளுக்கே செல்வதால், வயலுக்கு மலிவாகக் கிடைப்பதில்லை.

தர் அலகாபாத்தில் நிறுவிய மண் அறிவியல் ஆய்வு நிறுவனம் அவருடைய மனைவி சீலா தரின் பெயரைத் தாங்கியுள்ளது.