வகுப்பறையும் இல்லமும் – பேராசிரியர் சாமுவேல் சத்தியநாதன்

நுழையும்முன்

பெண்களும் கற்க வேண்டும் என்று மேடையில் முழங்குவது எளிது. தம் வீட்டுப் பெண்ணின் கையில் நூலையும் எழுதுகோலையும் கொடுத்து, அவர் எட்டும் உயரம்வரை செல்லத் துணைநிற்பது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அறவியல் கற்பித்த ஒரு பேராசிரியர், தாம் கற்பித்த அறத்தைத் தம் இல்லத்தில் மெய்ப்பித்துக் காட்டினார்.

வேர்கள்

திருநெல்வேலியை அடுத்த சிந்துபூந்துறையில் பிறந்த ஓர் இளைஞர், பள்ளியில் பயின்ற காலத்தில் கிறித்தவ நெறியால் ஈர்க்கப்பட்டார். உறவினர் எதிர்த்தபோதும் தாம் தேர்ந்த நெறியில் உறுதியாக நின்றார். அவரே பின்னாளில் சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவாக விளங்கிய வில்லியம் தாமஸ் சத்தியநாதன். அவருடைய துணைவியார் அன்னா, தென்னிந்தியாவின் தொடக்ககால இந்தியக் குருக்களுள் ஒருவரான ஜான் தேவசகாயத்தின் மகள்.

அக்காலத்தில் உயர்குடிப் பெண்கள் பலர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. பள்ளிக்கு வர இயலாத அப்பெண்களின் வீடுகளுக்கே கல்வியைக் கொண்டுசெல்லும் பணியை அன்னா மேற்கொண்டார். சிறுமியர்க்குப் பள்ளிகளும் நடத்தினார். தாய்மார்களுக்காக 'நல்ல தாய்' என்னும் தமிழ் நூலையும் எழுதினார். 1860களின் தொடக்கத்தில் இவ்விணையருக்குப் பிறந்தவர் சாமுவேல். பெண் ஒருவர் ஆசிரியராகவும் நூலாசிரியராகவும் திகழ்வது இயல்பான செயல் என்பதை, நூல்களைக் கற்பதற்கு முன்பே அவர் தம் தாயிடம் கண்டிருந்தார்.

கேம்பிரிட்ஜ் கல்வி

உயர்கல்விக்காக இங்கிலாந்து சென்ற சாமுவேல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் பயின்றார். கடல்கடந்து கற்ற இந்தியர் மிகச் சிலரே இருந்த காலம் அது. தாம் கண்ட பல்கலைக்கழக வாழ்வை இந்திய மாணவர்களும் அறிய வேண்டும் என விரும்பி, பின்னாளில் அதனைத் தனி நூலாகவே எழுதினார். தாம் பெற்றதைப் பிறர்க்குப் பகிர்ந்தளிப்பது அவருடைய இயல்பாக இருந்தது.

கிருபாபாய்

சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தது. மூன்றாண்டுகளுக்குப்பின் அங்குப் பயில வந்தவர் கிருபாபாய். இவர் மராட்டிய மாநிலத்தின் அகமதுநகரில், அந்தணர் குலத்திலிருந்து கிறித்தவம் தழுவிய குடும்பத்தில் 1862இல் பிறந்தவர். சென்னையில் இவருக்குத் தங்க இடமளித்தது சத்தியநாதன் இல்லம். முதலாண்டில் சிறந்த மாணவியாக விளங்கியபோதும், உடல்நலம் குன்றியதால் மருத்துவப் படிப்பை அவர் கைவிட நேர்ந்தது.

இங்கிலாந்திலிருந்து திரும்பிய சாமுவேல், 1883இல் கிருபாபாயை மணந்தார். உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியராக அவர் பணியாற்றியபோது, கிருபாபாய் இசுலாமியச் சிறுமியர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். கணவரின் பணி, மனைவியின் கனவை முடித்துவைக்கவில்லை. அதற்குப் புதியதொரு களத்தைத் தந்தது.

கல்விப்பணியின் பொருட்டு இராசமுந்திரி, கும்பகோணம் என ஊர்கள் மாறிய பின்னர் அவர்கள் சென்னைக்குத் திரும்பினர். கிருபாபாய் எழுதிய 'சகுணா' என்னும் தன்வரலாற்றுப் புதினம், 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. ஆங்கிலத்தில் புதினம் எழுதிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

துயரமும் உழைப்பும்

ஒரே குழந்தையை அவர்கள் சிறு வயதிலேயே இழந்தனர். 1890இல் அன்னாவும், 1892இல் குரு சத்தியநாதனும் மறைந்தனர். நோயோடு போராடிக்கொண்டே கிருபாபாய் 'கமலா' என்னும் புதினத்தை எழுதினார். கிறித்தவக் குடும்பத்தில் வளர்ந்த அவர், இளமையிலேயே மணம் செய்துகொடுக்கப்பட்ட ஓர் இந்துப் பெண்ணின் உள்ளத்தைப் பரிவோடு அதில் காட்டினார். சமயங்களைக் கடந்து பிறர் துன்பத்தை உணரும் நெஞ்சமே அந்நூலின் உயிர். அது நூலாக வெளிவந்த 1894ஆம் ஆண்டிலேயே, முப்பத்திரண்டு வயதில் அவர் மறைந்தார்.

அதே ஆண்டில் சாமுவேல் எழுதிய சென்னை மாகாணக் கல்வி வரலாறு வெளிவந்தது. அந்த வரலாற்றின் பின்னணியைச் சில எண்கள் உணர்த்தும். ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பில், மாகாணத்தின் பள்ளிகளில் ஏறத்தாழ 1,88,000 பேர் பயின்றதாகத் தெரியவந்தது. அவர்களுள் பெண்கள் ஏறத்தாழ 4,500 பேர் மட்டுமே. அதாவது, நாற்பது பேருக்கு ஒருவர். அந்த நிலையை மாற்ற உழைத்த தாயையும் மனைவியையும் நான்கே ஆண்டுகளுக்குள் இழந்த ஒருவரின் பெயரால் அந்நூல் வெளிவந்தது.

அறவியல் பேராசிரியர்

சாமுவேல், சென்னை மாநிலக் கல்லூரியில் அளவையியலும் அறவியலும் கற்பிக்கும் பேராசிரியராக விளங்கினார். சரியான காரணங்களிலிருந்து சரியான முடிவுக்கு வர வழிகாட்டுவது அளவையியல். அம்முடிவின்படி வாழ வேண்டிய கடமையை ஆராய்வது அறவியல். மாந்தர் அனைவரும் இறைவன்முன் நிகர் என்பதை ஒருவர் ஏற்றால், ஆணுக்கு உரிய கல்வி பெண்ணுக்கும் உரியது என்பதையும் ஏற்க வேண்டும். முன்னதை ஏற்றுப் பின்னதை மறுத்த கற்றோர் அன்று பலர் இருந்தனர். சாமுவேலின் வாழ்வில் இவ்விரண்டும் பிரியவில்லை.

சமயம் மாறியவர் தம் நாட்டுக்கு அயலாராகிவிடுவர் என்னும் எண்ணம் அக்காலத்தில் நிலவியது. இந்தியக் கிறித்தவர் சிலரின் வாழ்க்கைக் குறிப்புகளைக் கொண்டு 1896இல் வெளியான நூலுக்குச் சாமுவேல் முன்னுரை எழுதினார். இந்நாட்டு மக்களுக்காக உழைத்தவர்களின் வாழ்வே அவ்வெண்ணத்திற்கு மறுமொழியாக அமைந்தது.

கமலாவும் இதழியலும்

1898இல் சாமுவேல், ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த பட்டதாரியான கமலாவை மணந்தார். அவ்வாண்டே, இந்தியக் கிறித்தவர் வாழ்வைப் பற்றிய கதைகளை இருவரும் இணைந்து நூலாக வெளியிட்டனர். திருமணத்திற்குப் பின்னும் கல்வியைத் தொடர்ந்த கமலா, முதுகலைப் பட்டம் பெற்றார். தென்னிந்தியாவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்களுள் அவர் ஒருவர்.

1901இல் 'இந்தியன் லேடீஸ் மேகசீன்' என்னும் ஆங்கில மாத இதழைக் கமலா தொடங்கினார். இந்தியப் பெண்களுக்காக இந்தியப் பெண் ஒருவர் நடத்திய இதழ் அது. சரோஜினி நாயுடு அதில் எழுதினார். ஆண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்க, பெண்கள் அறிவியலின் துணையால் நாடாளும் புதுமை உலகைப் படைத்த ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் வெளிவந்ததும் அவ்விதழில்தான். வங்கத்துப் பெண்ணின் கற்பனைக்குச் சென்னை இதழ் இடமளித்தது.

நிலைத்த செல்வம்

1906இல் வெளிநாட்டுப் பயணத்தின்போது, ஜப்பான் நாட்டின் யோக்கோகாமா நகரில் சாமுவேல் காலமானார். அப்போது கமலா முப்பது வயதைக்கூட எட்டவில்லை. கணவரை இழந்த பெண் மூலையில் ஒடுங்கியிருப்பதே வழக்கம் என்றிருந்த காலத்தில், அவர் குழந்தைகளையும் வளர்த்தார். இதழையும் தொடர்ந்து நடத்தினார். பித்தாபுரம் அரசிக்கு ஆசிரியராகவும் பணியாற்றினார். 1918இல் நின்றுபோன இதழை 1927இல் மீண்டும் உயிர்ப்பித்துப் பல்லாண்டுகள் நடத்தினார். அவருடைய மகள் பத்மினி எழுத்தாளராகி, தம் தாயின் வரலாற்றை நூலாக்கினார்.

கிருபாபாயின் பெயரால் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கான உதவித்தொகை ஒன்று நிறுவப்பட்டது. உடல்நலக் குறைவால் அவர் பாதியில் விட்டுச்சென்ற படிப்பை வேறு பெண்கள் முடிப்பதற்கு அப்பெயர் துணைநின்றது.