பெயர்ப்பலகையில் வாழும் மரியா மொண்டிசோரி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும் நடந்து செல்வோர் மொண்டிசோரி என்ற சொல்லை மதில்களிலும் வாயிற் பலகைகளிலும் அடிக்கடி காண்பர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே வழங்கும் சொல் அது. பிள்ளைக்கு மூன்று வயதானதும் மொண்டிசோரியில் சேர்த்தாயிற்றா என உறவினர் கேட்பது எம்மிடையே வழமையாகிவிட்டது. எனினும் அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதையோ, அவர் இந்நாட்டுக்கும் வந்து கற்பித்தவர் என்பதையோ அறிந்தோர் சிலரே எனலாம். அவரது பெயரை ஏற்றுக்கொண்ட நாம் அவரது கருத்தையும் ஏற்றுக்கொண்டோமா என்பதைச் சிந்திப்பதற்கு அவரது வாழ்க்கை வரலாறு துணைபுரியும்.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாராவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். தாயார் கல்வியில் நாட்டமுள்ளவர். குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்த பின்னர், பெண்கள் நாடாத தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்து படித்த அவர், அடுத்து மருத்துவம் பயில விரும்பினார். தந்தையார் அதனை விரும்பவில்லை. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் பிரேத பரிசோதனை பயில்வது தகாது எனக் கருதப்பட்ட காலம் அது. ஆகவே வகுப்புகள் முடிந்த பின்னர் தனியாகவே அவர் அப்பாடத்தைப் பயில நேர்ந்தது. இத்தகைய தடைகளைக் கடந்து 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் சில பெண் வைத்தியர்களுள் அவரும் ஒருவரானார்.

பல்கலைக்கழக உளநோய்ச் சிகிச்சை நிலையத்தில் பணியாற்றியபோது, மனவளர்ச்சி குன்றிய சிறுவர்கள் வெறும் அறைகளில் அடைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். தொட்டு உணர்வதற்கோ கையாள்வதற்கோ அவர்களுக்கு ஒரு பொருளும் இருக்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது மருந்தைக் காட்டிலும் கல்வியே என்ற முடிவுக்கு அவர் வந்தார். இட்டார், செகுவின் ஆகிய பிரெஞ்சு வைத்தியர்களின் வழியைப் பின்பற்றித் தாமே கருவிகள் அமைத்துக் கற்பித்தார். அவரிடம் பயின்ற பிள்ளைகள் சிலர் சாதாரண மாணவர்களுக்குரிய பரீட்சையில் சித்தியடைந்தபோது பலரும் வியந்தனர். மரியாவுக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. குறைபாடுள்ள பிள்ளைகளே இந்நிலையை எட்டலாமெனின், குறைபாடற்ற பிள்ளைகளை எமது பாடசாலைகள் எவ்வளவு தூரம் தடுத்து வைத்திருக்கின்றன என்பதே அக்கேள்வி.

இக்காலத்திலேயே அவரது வாழ்வின் பெருந்துயரமும் நிகழ்ந்தது. உடன் பணியாற்றிய வைத்தியரான மொன்டேசானோவுடன் கொண்ட உறவால் 1898இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். மணமாகாத நிலையில் குழந்தையைத் தம்முடன் வைத்திருக்க அன்றைய சமூகம் இடமளிக்கவில்லை. குழந்தை கிராமத்துக் குடும்பமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. தாயும் மகனும் இணைந்து வாழத் தொடங்கியபோது மரியோவுக்கு ஏறத்தாழ பதினைந்து வயது. முதல் ஆறு ஆண்டுகளே மனித வாழ்வின் அத்திவாரம் என உலகுக்கு எடுத்துரைத்த பெண்மணி, தம் பிள்ளையின் அந்த ஆறு ஆண்டுகளையும் இழந்தவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி ரோமின் சான் லொரென்சோ என்னும் வறிய தொழிலாளர் குடியிருப்பில் முதலாவது சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்ற பிள்ளைகள் கட்டிடத்தைப் பாழாக்குகின்றனர் என்பதே உரிமையாளர்களின் கவலை. ஆகவே ஓர் அறையை ஒதுக்கிப் பிள்ளைகளை மரியாவிடம் ஒப்படைத்தனர். அவர் பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற மேசை கதிரைகளையும், மர உருளைகளையும், விரலால் தடவி அறியும் மண்தாள் எழுத்துகளையும் வைத்தார். விளையாட்டுப் பொம்மைகளை விடுத்துப் பிள்ளைகள் இவற்றை நாடினர். ஒரே வேலையைப் பல தடவை மனமொன்றிச் செய்தனர். நான்கு, ஐந்து வயதினர் எவரும் வற்புறுத்தாமலே எழுதத் தொடங்கினர். 1909இல் அவர் இந்த அனுபவத்தை நூலாக வெளியிட்டதும் உலகின் கவனம் ரோம் நகர்மீது திரும்பியது.

அவரது கோட்பாட்டின் சாரம் இதுதான். மனித வளர்ச்சி ஒரே நேர்கோட்டில் ஏறிச் செல்வதன்று. அது ஆறு ஆறு ஆண்டுகள் கொண்ட நான்கு கட்டங்களாக அமைகின்றது. பிறப்பிலிருந்து ஆறு வயது வரை பிள்ளையின் மனம் சூழலை அப்படியே உறிஞ்சிக்கொள்கின்றது. கொட்டாஞ்சேனையில் வளரும் ஒரு பிள்ளை வீட்டில் தமிழையும் கடையில் சிங்களத்தையும் ஆசிரியரின்றியே பேசப் பழகிவிடுகின்றது. பெரியவர்கள் அதே மொழியைக் கற்க ஆண்டுக்கணக்காக உழைக்க வேண்டியிருக்கின்றது. ஆறு முதல் பன்னிரண்டு வரை காரணம் கேட்கும் அறிவும், நீதி அநீதி பற்றிய உணர்வும், நண்பர் கூட்டமும் முதன்மை பெறுகின்றன. பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையிலான பருவத்தை, பிறந்த குழந்தையைப் போன்றே மென்மையானதென அவர் கருதினார். அப்பருவத்தினரை ஏட்டுச் சுமையால் அழுத்தாது, நிலத்தில் உழைக்கவும் சம்பாதிக்கவும் பழக்க வேண்டுமென்றார். பதினெட்டு முதல் இருபத்து நான்கு வரை சமூகத்தில் தமது இடத்தையும் கடமையையும் தேடும் காலம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனக்கே உரிய பணி உண்டு. அடுத்த கட்டத்தின் பணியை முன்கூட்டித் திணிப்பதால் நடப்புக் கட்டத்தின் பணி பாழாகும் என்பது அவரது எச்சரிக்கை.

இச்சிந்தனை பிற்கால அறிஞர்களையும் தொட்டது. பிள்ளையின் சிந்தனை வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்த சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே, அந்நாட்டு மொண்டிசோரி சங்கத்தின் தலைவராக விளங்கியவர். மனித வாழ்வை முதுமை வரையிலான எட்டுக் கட்டங்களாக 1950இல் விளக்கிய எரிக் எரிக்சன், வியன்னாவில் மொண்டிசோரி ஆசிரியர் பயிற்சி பெற்றவர். மகாத்மா காந்தியின் வாழ்வை அதே நோக்கில் ஆராய்ந்து அவர் 1969இல் வெளியிட்ட நூல் புகழ்பெற்றது.

மரியாவின் வாழ்வு விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. இருபதுகளில் முசோலினி அரசின் ஆதரவை அவர் ஏற்றார். 1934இல் அவ்வரசுடன் முரண்பட்டு இத்தாலியை விட்டு நீங்கினார். அங்கு அவரது பாடசாலைகளும் மூடப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் கில்பற்றிக் என்ற கல்வியாளர், கற்பனை விளையாட்டுக்கு இம்முறையில் இடமில்லையென 1914இல் குறைகூறினார். சிறு பிள்ளைகளுக்கு மாயக்கதைகள் வேண்டாமென்ற மரியாவின் கருத்தை, பாட்டிமாரின் மடியில் கதை கேட்டு வளர்ந்த எம்மாலும் முற்றாக ஏற்க இயலாது. வளர்ச்சிக் கட்டங்கள் எல்லாச் சமூகங்களிலும் ஒரே வயதில் தொடங்கி முடிவதில்லை என்பதும் இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையே.

1939இல், தமது அறுபத்தொன்பதாவது வயதில், பிரம்மஞான சபையின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று அவர் மகனுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் முந்நூறு பேர் அங்கு பயிற்சி பெற்றனர். தாய் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் பிரித்தானிய அரசாங்கம் மரியோவைத் தடுப்பு முகாமில் வைத்தது. தாயாரின் எழுபதாவது பிறந்த நாளை முன்னிட்டு அவர் விடுவிக்கப்பட்டார். இளமையில் பிரிக்கப்பட்ட அவ்விருவரையும் மீண்டுமொரு முறை பிரித்தது யுத்தம். அதன்பின் கொடைக்கானல் மலையில் தங்கி, ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான கல்வியை அவர்கள் விரிவாக வகுத்தனர். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நெறி நடத்தினர். 1949இல் பாகிஸ்தானின் கராச்சியிலும் பயிற்சி நெறி இடம்பெற்றது. சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மும்முறை முன்மொழியப்பட்ட மரியா, 1952ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நெதர்லாந்தில் காலமானார்.

பருவங்களை அறிந்து பிள்ளையைப் போற்றுவது எமக்குப் புதியதன்று. செங்கீரை, சப்பாணி, வருகை எனக் குழந்தையின் அசைவுகளைப் பருவங்களாக்கிப் பாடியது பிள்ளைத்தமிழ். முஸ்லிம் புலவர்களும் நபிகள் நாயகத்தின்மீது பிள்ளைத்தமிழ் பாடி அம்மரபை வளப்படுத்தினர். பிள்ளைகளைத் தொழுகைக்கு ஏவுவதற்கு ஏழு வயது என எல்லை வகுத்தது இஸ்லாமிய மரபு. விஜயதசமியன்று அரிசியில் விரல் பதித்து எழுத்தைத் தொடங்கியதும், ஓதப்பள்ளியில் பலகையில் எழுத்தைப் பழகியதும் கையின் வழியே அறிவு நுழைகின்றது என்ற உணர்வினாலன்றோ?

இன்று நிலைமை வேறு. மொண்டிசோரிப் பலகை தொங்கும் இடங்கள் பலவற்றில் மூன்று வயதுப் பிள்ளை அசையாது அமர்ந்து கொப்பி நிறைய எழுதுகின்றது. வீட்டுக்குச் சென்றும் எழுதுகின்றது. முதலாம் வகுப்பு அனுமதியும் அதனையடுத்து ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலும் பெற்றோரின் மனத்தில் இப்போதே நிழலாடுகின்றன. அவர்களை மாத்திரம் குறைகூறுவதற்கில்லை. நல்ல பாடசாலைகளின் இடங்கள் சொற்பம், போட்டியோ கடுமை. ஆயினும் தொடர்மாடி வீட்டில் முற்றமும் மண்ணுமின்றி வளரும் பிள்ளைக்கு, கைகளால் உலகை அறிய எஞ்சியிருக்கும் ஒரே இடம் இந்த முன்பள்ளியாகவே இருக்கலாம். அங்கும் அதன் கைகள் பென்சிலுக்குள் சிறைப்பட்டால் அப்பருவம் மீண்டும் வரப்போவதில்லை.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர், எத்தனை எழுத்துகள் கற்பிப்பீர்கள் என்று கேட்பதற்கு முன்னர் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டும். பிள்ளை தானாகச் சப்பாத்து அணியவும் தண்ணீர் வார்க்கவும் இங்கு இடமுண்டா? தான் தெரிவுசெய்த வேலையை முடிக்கும்வரை அதனை விட்டுவைப்பீர்களா? மூன்று வயதுக்குரியதை மூன்று வயதிலேயே செய்ய அனுமதிப்பீர்களா? தம் மகனின் குழந்தைப் பருவத்தை மரியாவிடமிருந்து பறித்தது அன்றைய சமூகம். எமது பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தை எவரும் எம்மிடமிருந்து பறிக்கவில்லை. நாமாகவே அவசரப்பட்டுக் கைவிடுகின்றோம். அந்த அவசரத்தை விடுவதே அப்பெயருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.