நாற்காலிகள் மூன்று; நவின்ற உண்மை ஒன்று!

சுவாமிமலைக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. மகன் பாடம் சொல்ல, தந்தை கைகட்டிக் கேட்டாராம். நம்புவோர் நம்பட்டும்; நமக்குக் கதையைவிடக் கருத்து பெரிது. சிறியவன் சொல்வதைக் கேட்பதால் பெரியவனுக்குப் பெருமை குறையாது! மாநிலம் சொல்லி டில்லி அப்படிக் கேட்டதுண்டா? கேட்கச் செய்ய முயன்றவர் பி.வி. இராசமன்னார்.

இராசமன்னார் குழு என்று மேடைதோறும் முழங்குகிறோமே, யார் அந்த இராசமன்னார்? கொடி பிடித்தவரா? கோட்டை முன் மறியல் செய்தவரா? இல்லை, தோழர்களே! 1901-இல் பிறந்தவர், தெலுங்கில் நாடகம் தீட்டியவர், 1948 முதல் 1961 வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. நம்மவர் என்று எண்ணிவிட வேண்டா. 1950-இல் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்புரைத்த அமர்வுக்குத் தலைமை வகித்தவரே அவர்தான்! தமிழகம் கொதித்தது, 1951-இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

நீதிபதி நாற்காலியில் சட்டத்தைக் கண்டார். 1957 அக்டோபர் முதல் 1958 சனவரி வரை தற்காலிக ஆளுநர் நாற்காலியில் அமர்ந்து, டில்லியின் பிரதிநிதி எப்படி இயங்குகிறார் என்பதைக் கண்டார். மூன்றாவதாக, நான்காம் நிதிக் குழுவின் தலைவர் நாற்காலியில் அமர்ந்து கஜானாவைக் கண்டார்.

வருமான வரியை வசூலிப்பது டில்லி. அதில் மாநிலங்களுக்குப் பங்கு வகுப்பது நிதிக் குழு. 1965-இல் அந்தப் பங்கை 100-க்கு 75 ஆக்கச் சொன்னது அவர் குழு. ஆனால், அரசியல் சட்டத்தில் இடமே இல்லாத திட்டக் குழுவும் மறுபுறம் பணத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. வாய்க்காலுக்கு முறை வைத்த பிறகு, மதகுச் சாவியை ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டால் முறைக்கு என்ன மதிப்பு? இரு குழுக்களுக்கும் எல்லை வகுக்க வேண்டுமெனத் தனிக் குறிப்பே எழுதினார் அவர்.

ஆகவேதான் 1969-இல் கலைஞர் அரசு, மத்திய-மாநில உறவை ஆராய அவரை அழைத்தது. ஏ. இலட்சுமணசாமி முதலியாரும் பி. சந்திரா ரெட்டியும் உடன் அமர்ந்தனர். 1971-இல் அறிக்கை வந்தது. பட்டியல்களில் அடங்காத எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கே வேண்டும். பிரதமரும் முதல்வர்களும் கூடும் மாநிலங்களிடை மன்றம் வேண்டும். நிதிக் குழு நிலையான அமைப்பாக வேண்டும். மாநில ஆட்சியைக் கலைக்கும் 356-ஆம் பிரிவு ஒழிய வேண்டும்!

1974-இல் தமிழகச் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. டில்லி கேட்கவில்லை. 1976 சனவரி 31-இல் அதே 356-ஆம் பிரிவு தமிழக ஆட்சியின் மீதே பாய்ந்தது. அதே ஆண்டுத் திருத்தம், மாநிலப் பட்டியலிலிருந்த கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு சென்றது. அத்தனையும் பார்த்துவிட்டு, 1979-இல் அவர் மறைந்தார்.

அவர் சொன்ன மன்றம் 1990-இல் பிறந்தது. 2016 வரை கூடியது 11 முறையே! 1994-இல் பொம்மை வழக்குத் தீர்ப்பு 356-க்குக் கடிவாளமிட்டது. 2014-இல் திட்டக் குழுவுக்கு மூடுவிழா அறிவிக்கப்பட்டது. எஞ்சிய அதிகாரமோ இன்றும் டில்லியிடம்.

வக்கீல்கள் பேசட்டும், வயலில் நிற்பவனுக்கு இதில் என்ன என்கிறாயா, தோழா? சுவாமிமலையைத் தொட்டோடும் காவிரியைப் பார். தண்ணீர் மாநிலப் பட்டியலில். மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றை முறைப்படுத்துவது மத்தியப் பட்டியலில். நடுவர் மன்றம் அமைந்தது 1990-இல். இறுதித் தீர்ப்பு 2007-இல். மேலாண்மை ஆணையம் 2018-இல். இருபத்தெட்டு ஆண்டுகள்! குறுவை நாற்று அத்தனை நாள் காத்திருக்குமா? அதிகாரத்துக்கு அளவுகோல் இல்லையென்றால், காய்வது ஏட்டுச் சட்டமன்று, ஏழையின் வயல்!

குழுவின் பெயரை முழங்கியது போதும், தோழர்களே. கிளை மன்றப் படிப்பகத்தில் அந்த அறிக்கையை வைத்து, வரி வரியாகப் படியுங்கள். நம் கட்சிக்காரர் அல்லாத ஒருவர் நமக்கு விட்டுச் சென்ற வழக்குக் கட்டு அது. வழக்கு இன்னும் முடியவில்லை!