வ.உ.சி.யும் ஹாஜியாரின் 8,000 பங்குகளும்

எந்தக் கம்பெனிப் பொருளை வாங்கக் கூடாது என்று நாம் பட்டியல் பகிரும் காலம் இது. வ.உ.சிதம்பரனாரோ 1906-லேயே மாற்றுக் கம்பெனியையே தொடங்கிவிட்டார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஆதிக்கம் செலுத்திய ஆங்கிலேயக் கப்பல் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி. பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். நம் மேடைகளிலேயே இந்தப் பெயரை நாம் போதுமான அளவு சொல்வதில்லை.

வெள்ளையர் கட்டணத்தைக் குறைத்தார்கள். பிறகு இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்றார்கள். மக்களோ காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள்.

1908-இல் வ.உ.சி. சிறை சென்றார், செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழில் செய்ய உரிமையும் இல்லை. சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று சென்னையில் வீடு மாறி மாறி, சிறு வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.